காட்டுப் பாதைக்கு ஒரு செசி: வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் முன் வியாபாரி அறிய வேண்டியவை

ஜீப் வண்டி இன்று பலருக்கு முதலீடு. யால, உடவளவ, வில்பத்து, மின்னேரியா பகுதிகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் சபாரி ஜீப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். நக்கிள்ஸ் மலைப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சாமான் ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களையும், தோட்டத்துப் பாதைகளில் மரக்கறியும் கொழுந்தும் இறக்கும் பிக்கப்புகளையும் பாருங்கள். இவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பத்தின் சேமிப்போ லீசிங் கடனோ இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரை இடைப்பட்ட காலத்தில், பழைய வண்டிகளைத் தேடிப்பிடித்துத் திருத்தி ஓட்டுவதே பலருக்கு வழியாயிற்று. அப்படித் திருத்தப்பட்ட வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

வண்டி வாங்கும் நமது ஆட்கள் எஞ்சினின் சத்தத்தைக் கேட்கிறார்கள். பெயின்றைப் பார்க்கிறார்கள். டயரைத் தட்டுகிறார்கள். ஆனால் வண்டியின் முதுகெலும்பான செசியைக் குனிந்து பார்ப்பவர் நூற்றில் சிலரே. எஞ்சின் பழுதானால் பஞ்சிகாவத்தையில் வேறொன்று வாங்கிப் போடலாம். கியர் பொக்ஸும் அப்படித்தான். செசி உடைந்தால் வண்டியே இல்லை. ஓடும்போது உடைந்தால் வண்டியில் இருப்பவர்களின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. எனவே செசி எவ்வாறு பாரத்தைத் தாங்குகிறது, அதை எப்படி அமைப்பது, எங்கே பலப்படுத்துவது, எதைத் தொடக்கூடாது என்பவற்றை இவ்வாரம் பாடமாக எடுத்துக்கொள்வோம். நாம் பாஸ்மாராக மாற வேண்டியதில்லை. பாஸிடம் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தாலே போதும்.

ஏணியும் செசியும்

சாதாரணக் கார்களுக்குத் தனியான செசி கிடையாது. பொடியே எல்லாப் பாரத்தையும் தாங்கும். காட்டுப் பாதைக்கான வண்டிகள் பெரும்பாலும் ஏணி வடிவச் செசியில் அமைந்தவை. முன்னிருந்து பின்வரை இரண்டு நீளச் சட்டங்கள் ஓடும். அவற்றை இணைத்து நாலைந்து குறுக்குச் சட்டங்கள் இருக்கும். ஏணியைப் படுக்க வைத்ததுபோல.

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் பெருந்தொகையில் தயாரான வில்லிஸ் ஜீப்பும் இந்த அமைப்பில்தான் செய்யப்பட்டது. 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த முதலாவது லேண்ட் ரோவரும் அப்படியே. போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்தது. பெரிய அச்சுகள் செய்யவும் பணமில்லை. ஆகவே தட்டையான இரும்புப் பட்டிகள் நான்கை வெட்டி, நான்கு மூலையிலும் வெல்டிங் செய்து, பெட்டி வடிவச் சட்டமாக்கினார்கள். வசதியில்லாமல் செய்த வேலைதான். ஆனால் அந்தப் பெட்டி வடிவமே லேண்ட் ரோவரின் பலமாக அமைந்தது. 2016 ஜனவரியில் பழைய டிஃபெண்டரின் உற்பத்தி முடியும்வரை அந்த வழியிலேயே செசி வந்தது. கையிலுள்ளதை வைத்து உருப்படியாகச் செய்யலாம் என்பதற்கு நல்ல உதாரணம் இது. ஆனால் முறை தெரிந்து செய்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

செசியைத் தாக்கும் மூன்று

முதலாவது வளைவு. மேலே பாரம் ஏறினால் இரு அச்சுகளுக்கு இடையில் செசி கீழ்நோக்கி வளையப் பார்க்கும். பின் அச்சுக்கு அப்பால் பாரம் வைத்தால் பின்பக்கம் தொங்கப் பார்க்கும்.

இரண்டாவது முறுக்கு. முன் இடது சில்லு கல்லில் ஏறுகிறது, அதேநேரம் பின் வலது சில்லு மற்றொரு கல்லில் ஏறுகிறது என வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் துணியைப் பிழிவதுபோல் செசி முறுக்கப்படுகிறது. கார்ப்பட் பாதையில் இது அபூர்வம். காட்டுப் பாதையில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை நடக்கும். காட்டு வண்டிக்கான செசியை வேறுவிதமாக அமைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மூன்றாவது அடி. பள்ளத்தில் சில்லு விழும்போது நின்ற வண்டியின் பாரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஒரு கணத்தில் செசியில் இறங்கும். ஆகவே கணக்குப் பார்ப்பவர்கள் நிற்கும் பாரத்தை மூன்றால் பெருக்கிக்கொள்வது நல்லது.

துணிக்கடையில் ஒரு பரிசோதனை

துணி வியாபாரிகளிடம் துணி சுற்றிவரும் அட்டைக் குழாய் இருக்கும். அதை இரு கைகளாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அசையாது. இப்போது அதே குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கத்தியால் நீளமாக ஒரு கோடு கீறிப் பிளந்துவிட்டு முறுக்குங்கள். கொழகொழவென்று முறுகும். அட்டை குறையவில்லை, நிறையும் குறையவில்லை. மூடியிருந்த வட்டம் திறந்துகொண்டதே காரணம்.

இரும்பிலும் இதே கதைதான். நான்கு பக்கமும் மூடிய பொக்ஸ் பாருக்கும் ஒரு பக்கம் திறந்த சி செனலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் பாருங்கள். இரண்டும் 100 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிப்பு என வைத்துக்கொள்வோம். பொக்ஸ் பார் ஒரு மீற்றர் ஏறத்தாழ 6.8 கிலோ நிறை. சி செனல் 4.6 கிலோ. வளைவைத் தாங்குவதில் பொக்ஸ் பார் 23 வீதமே கூடுதல். ஆனால் முறுக்கைத் தாங்குவதில், தனியே ஒரு சட்டத்தை எடுத்துப் பார்த்தால், பொக்ஸ் பார் ஏறத்தாழ 500 மடங்கு விறைப்பானது. குறுக்குச் சட்டங்களோடு முழுச் செசியாகச் சேரும்போது இந்த இடைவெளி மிகவும் குறையும். ஆனாலும் இல்லாமல் போகாது. ஜீப்புகளுக்குப் பொக்ஸ் செசி ஏன் என்பதற்கு இதுவே விடை.

அப்படியானால் லொறிக்கு ஏன் சி செனல்? லொறியின் செசி நீளமானது, ஓரளவு முறுகும்படியே அது அமைக்கப்பட்டுள்ளது. முறுகி நிமிரும்போது பாதையின் மேடு பள்ளத்தில் ஒரு பகுதியைச் செசியே உள்வாங்கிக்கொள்கிறது. அதில் ஓர் இடத்தை மட்டும் மூடிப் பெட்டியாக்கினால், அந்த இடம் விறைத்து நிற்கும், அடுத்த இடம் முறுகும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் வெடிப்பு வரும். "பலப்படுத்தியும் உடைந்துவிட்டதே" என்று புலம்புபவர்களின் வண்டிகளில் பல இப்படிப் பலப்படுத்தியதால் உடைந்தவை.

தடிப்பா, உயரமா?

பலம் வேண்டும் என்றால் நமது ஆட்கள் முதலில் கேட்பது தடிப்பான இரும்பை. வியாபாரக் கண்ணோடு பார்ப்போம். 100க்கு 50, 3 மி.மீ. பொக்ஸ் பாரை 4 மி.மீ. ஆக்கினால் நிறை 31 வீதம் கூடுகிறது. வளைவைத் தாங்கும் பலம் கூடுவது 29 வீதம். அதற்குப் பதிலாகத் தடிப்பை 3 மி.மீ. ஆகவே வைத்து, உயரத்தை மட்டும் 125 மி.மீ. ஆக்கினால் நிறை 17 வீதமே கூடும். பலமோ 40 வீதம் கூடும்.

இரும்பை நாம் கிலோவுக்கு விலை கொடுத்து வாங்குகிறோம். பிறகு அந்த நிறையை ஆயுள் முழுக்க டீசல் ஊற்றிச் சுமக்கிறோம். ஆகவே முதலில் உயரத்தைக் கூட்ட இடமுண்டா என்று பார்க்க வேண்டும். இடமில்லாவிட்டால்தான் தடிப்புக்குப் போக வேண்டும். ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே போவதும் நல்லதல்ல. துருவுக்கும் வெல்டிங்குக்கும் கொஞ்சம் இறைச்சி இருக்க வேண்டும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. உயர் பல இரும்பு போட்டால் செசி குறைவாக வளையும் என்பார்கள். அப்படியல்ல. எல்லா இரும்பும் ஒரே அளவு பாரத்துக்கு ஏறத்தாழ ஒரே அளவே வளையும். உயர் பல இரும்பு நிரந்தரமாகக் கோணிப்போவதற்கு முன் கூடுதல் பாரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். மேலும், சூடேற்றிப் பதப்படுத்திய உயர் பல இரும்பில் சாதாரண வெல்டிங் வைத்தால் அந்தப் பதம் போய், ஒட்டுக்கு அருகே பலம் குறைந்த வளையம் உண்டாகும். சில கனரக லொறிச் செசிகளில் வெல்டிங்கும் துளையிடலும் கூடாது என்று எச்சரிக்கை ஒட்டியிருப்பது இதற்காகவே. அதை உரித்தெறிந்துவிட்டு வேலை செய்யக்கூடாது. கராஜில் நாமாகச் செய்யும் வேலைக்குச் சாதாரண மைல்ட் ஸ்டீல் போதுமானது, பாதுகாப்பானதும்கூட.

சபாரி ஜீப்பின் கணக்கு

இப்போது ஓர் உண்மையான வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு பிக்கப்பின் பின்பெட்டியைக் கழற்றிவிட்டு, படிபடியாக உயர்ந்து செல்லும் ஆசனங்களோடு சபாரி ஜீப்பாக மாற்றுகிறோம். அச்சுகளுக்கு இடையே 3 மீற்றர் தூரம். கடைசி வரிசை ஆசனம் பின் அச்சுக்கு 60 சென்ரிமீற்றர் பின்னால் வருகிறது. அதில் நால்வர் இருக்கிறார்கள். தலைக்கு 75 கிலோ வீதம் 300 கிலோ.

இந்த 300 கிலோவும் பின் அச்சில் 300 ஆக இறங்காது. தராசுக் கோல் போல வேலை செய்யும். பின் அச்சில் 360 கிலோ இறங்கும், முன் அச்சிலிருந்து 60 கிலோ தூக்கப்படும். முன் சில்லுகள் இலேசானால் ஸ்ரியறிங்கும் முன் பிரேக்கும் நிலத்தைச் சரியாகப் பிடிக்காது. ஏற்றத்தில் இது இன்னும் மோசமாகும். ஆசனங்களை உயர்த்தியதால் வண்டியின் பாரமையமும் மேலேறிவிட்டது. சரிவில் கவிழும் அபாயம் கூடியதும் இதனால்தான்.

செசிக்கு வருவோம். 300 கிலோ, 0.6 மீற்றர். பெருக்கினால் 180 கிலோமீற்றர் என்று தூரமாக எண்ணிவிடாதீர்கள், 180 கிலோ-மீற்றர் திருப்பு விசை. இரண்டு சட்டங்களுக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 90. பள்ளத்தில் விழும் அடிக்காக மூன்றால் பெருக்கினால் 270. நமது 100க்கு 50, 3 மி.மீ. பொக்ஸ் பாரில் இது சதுர மி.மீற்றருக்கு ஏறத்தாழ 12 கிலோ அழுத்தமாகிறது. மைல்ட் ஸ்டீல் நிரந்தரமாகக் கோணத் தொடங்குவது ஏறத்தாழ 25 கிலோவில். அதாவது பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கிறோம். தினமும் அடிபடும் செசிக்கு இந்தப் பாதி அளவைத் தாண்டாமல் இருப்பதே நல்ல வழக்கம். ஏனெனில் இரும்பு ஒரே அடியில் உடைவதைவிட, சிறு அடிகள் இலட்சக்கணக்கில் பட்டுக் களைத்து வெடிப்பதே அதிகம்.

இனித் துருவைச் சேருங்கள். உள்ளே சேறு அடைத்து 3 மி.மீ. தகடு 2 மி.மீ. ஆகிவிட்டது என்போம். அதே பாரத்துக்கு அழுத்தம் 17 கிலோவைத் தாண்டுகிறது. அதன்மேல் யாரோ ஒருவர் ஆசனத்தைப் பூட்டுவதற்காகச் சட்டத்தின் மேற்பக்கத்தில் ஒரு துளை போட்டிருக்கிறார். துளையின் ஓரத்தில் அழுத்தம் மூன்று மடங்குவரை குவியும். அங்கேதான் தலைமயிர் போன்ற முதல் வெடிப்பு தோன்றும். இதில் பாரம் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே நால்வர்தான், அதே பாதைதான். ஒரு மி.மீ. துருவும் ஒரு துளையும் சேர்ந்து வண்டியை ஆபத்தானதாக மாற்றிவிட்டன.

இதற்குப் பரிகாரம் இரும்பை அடுக்குவதல்ல. கடைசி ஆசனத்தை 30 சென்ரிமீற்றர் முன்னே நகர்த்தினால் அந்தத் திருப்பு விசை பாதியாகிவிடும். ஒரு ரூபா செலவில்லாத பலப்படுத்தல் இதுவே. ஒரு ஆசனம் கூடுதலாக வைத்துக் கிடைக்கும் வாடகையையும், செசி வெடித்து வண்டி நிற்கும் நாட்களையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

எங்கே பலப்படுத்த வேண்டும்?

முழுச் செசியையும் இரும்பால் மூடுவது வீண் செலவு. பாரம் ஒரு புள்ளியில் நுழையும் இடங்களே முக்கியம்.

ஸ்பிரிங் பட்டைகள் செசியில் பூட்டும் தாங்கிகள் முதலாவது. வண்டியின் முழுப் பாரமும் இவற்றின் வழியாகவே செசிக்குள் வருகிறது. தாங்கி பொருந்தும் இடத்தில் சட்டத்தின் நிற்கும் பக்கத்தோடு ஒரு தகடு சேர்த்து, பாரத்தைப் பரவவிட வேண்டும்.

இரண்டாவது, ஷொக் அப்சோபர் மேலே பூட்டும் இடம். வண்டியை உயர்த்தி நீளமான ஷொக் போடுபவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது, ஸ்ரியறிங் பொக்ஸ் பூட்டிய இடம். பெரிய டயர் போட்டால் இங்கே இழுவிசை கூடும். இவ்விடம் வெடித்தால் வண்டியைத் திருப்ப முடியாது. பெரிய டயர் போட்ட எந்த வண்டியிலும் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

நான்காவது, கெபினுக்குப் பின்னால் சட்டம் மேலே வளையும் இடம். முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியே ஆடும்போது நடுவில் அகப்படுவது இதுவே.

ஐந்தாவது, இழுக்கும் கொளுக்கி. சேற்றில் வயிறுவரை புதைந்த வண்டியை வெளியே எடுக்க அதன் முழு நிறைக்கும் மேற்பட்ட இழுவிசை தேவைப்படலாம். பம்பரில் ஒட்டிய கொளுக்கி அதைத் தாங்காது. பிய்ந்து பறந்தால் துப்பாக்கி ரவைதான். கொளுக்கியை இரண்டு நீளச் சட்டங்களுக்கும் பாரம் பங்கிடும் குறுக்குச் சட்டத்தில், 8.8 என்று தலையில் பொறித்த போல்ட்களால் பூட்ட வேண்டும். ட்ரெய்லர் பூட்டும் உருண்டையில் கயிறு மாட்டிச் சுண்டி இழுப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

ஒட்டும் முறை

செசி வேலையில் இரும்பைவிட ஒட்டே வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பாஸிடம் பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

சட்டத்தின் மேற்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் குறுக்கே ஒட்டு வைக்கக்கூடாது. வளையும்போது அதிக அழுத்தம் வருவது இந்த இரு பக்கங்களிலேயே. ஒட்டுக்கு அருகே இரும்பு சூட்டில் பதம் மாறியிருக்கும். குறுக்கு ஒட்டு என்பது "இங்கே உடையலாம்" என்று கோடு கீறிக் கொடுப்பதற்குச் சமம். துளையும் அப்படியே. தவிர்க்க முடியாத துளையை நிற்கும் பக்கத்தின் நடு உயரத்தில் போடுங்கள். அங்கே வளைவின் அழுத்தம் மிகக் குறைவு.

சட்டத்தை வெட்டி இணைக்க வேண்டி வந்தால் நேராக வெட்டி முனைக்கு முனை ஒட்டுவதோடு விட்டுவிடக்கூடாது. சாய்வாக வெட்டி, முனைகளைச் சீவி, ஒட்டு முழுத் தடிப்புக்கும் இறங்கச் செய்து, அதன்மேல் பக்கவாட்டில் சாய்சதுர வடிவில் வெட்டிய தகட்டைப் போட்டு ஒட்ட வேண்டும். தகடு ஏன் சதுரமாக இருக்கக்கூடாது? சதுரத் தகடு ஒரே கோட்டில் திடீரென முடியும். அக்கோட்டில் விறைப்பு சட்டென்று மாறும், வெடிப்பும் அங்கேயே வரும். சாய்சதுரத் தகடு படிப்படியாகக் குறுகி முடிவதால் பாரமும் படிப்படியாக மாறும். அதன் கூரான முனைகளில் ஒட்டு வைக்காமல் சற்று விட்டுவிடுவதும் நல்ல பாஸ்மாரின் வழக்கம்.

வெல்டிங் குச்சியின் எண்ணைப் பாருங்கள். கேட்டுக்கும் கிறிலுக்கும் நாம் பாவிக்கும் 6013 குச்சி இலகுவாக எரியும், ஒட்டும் அழகாக இருக்கும். செசிக்கு 7018 போன்ற ஐதரசன் குறைந்த குச்சியே பொருத்தம். அந்த ஒட்டு அடியைத் தாங்கும், வெடிப்பும் குறைவு. ஆனால் 7018 ஈரத்தை இழுத்துக்கொள்ளும். திறந்த பெட்டியில் மாதக் கணக்கில் கிடந்த குச்சியால் ஒட்டினால் அதன் பயன் போய்விடும். வாயு வெல்டிங் இயந்திரம் உள்ள கராஜாக இருந்தால், காற்று வீசாத மறைவில் வேலை செய்கிறார்களா என்று பாருங்கள். காற்று வாயுவைக் கலைத்துவிட்டால் ஒட்டுக்குள் குமிழ் விழும்.

பெயின்றையும் துருவையும் கிரைண்டரால் வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுத்த பிறகே ஒட்ட வேண்டும். வேலை தொடங்குமுன் பற்றரியைக் கழற்ற வேண்டும். புதிய வண்டிகளில் கணினிப் பெட்டியும் பழுதாகலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அளவு. செசியை மட்டமான தாங்கிகளில் வைத்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நூல் பிடித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். முதலில் எல்லா இடத்திலும் சிறு பொட்டுகளாக ஒட்டி, மறுபடி அளந்து, பிறகு இடது வலது என மாறி மாறிச் சிறிது சிறிதாக முழு ஒட்டு வைக்க வேண்டும். ஒரு பக்கத்தையே ஒரே மூச்சில் ஒட்டினால் சூட்டில் சுருங்கிச் செசி கோணிவிடும். கோணிய செசியில் டயர் தேய்ந்துகொண்டே இருக்கும். எத்தனை தடவை எலைன்மன்ட் செய்தாலும் தீராது.

துரு என்னும் பங்காளி

பொக்ஸ் சட்டத்தின் பலவீனம் ஒன்றுண்டு. உள்ளே சேறும் நீரும் போனால் வெளியே வராது. வெளியில் பெயின்ற் பளபளக்கும், உள்ளே தகடு தின்னப்படும். கடற்கரைப் பிரதேச வண்டிகளில் உப்பும் சேர்ந்துகொள்கிறது.

பெரிய கம்பனிகளும் இதில் அடிபட்டுள்ளன. அமெரிக்காவில் விற்பனையான டொயோட்டா டகோமா பிக்கப்புகளின் செசி துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால், 2008இல் அக்கம்பனி 1995 முதல் 2000 வரையான வண்டிகள் பலவற்றைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்க நேர்ந்தது. பிந்திய வண்டிகள் தொடர்பான வழக்கில் 2016இல் 340 கோடி டொலர் வரையான உடன்படிக்கைக்கும் இணங்கியது. செசியின் துருவைக் கணக்கில் எடுக்காததன் விலை அது.

நாம் செய்யக்கூடியவை எளியவை. சட்டத்தின் தாழ்ந்த இடங்களில் நீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும். புதிதாகப் பெட்டியாக்கும்போது வடிதுளை விட மறக்கக்கூடாது. சேற்றுப் பயணம் முடிந்ததும் வெளியே கழுவுவதோடு நில்லாமல், துளை வழியாக உள்ளேயும் நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். காய்ந்த பிறகு உள்ளே மெழுகு அல்லது எண்ணெய் கலந்த துருத் தடுப்பியை விசிறுங்கள். புதுச் செசி செய்பவர்கள் வசதியிருந்தால் எல்லா வெல்டிங்கும் முடிந்த பின் நாகக் குளியலில் முக்கி எடுக்கலாம். நாகம் பூசிய பின் மீண்டும் ஒட்டினால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும், புகையும் உடலுக்குக் கெடுதி. துருவின் மேல் தார் பூசுவது மட்டும் வேண்டாம். அது துருவை நிறுத்துவதில்லை, ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து வாங்குபவரின் கண்ணுக்கு மட்டும் மறைக்கிறது.

காகித வேலை

செசி இலக்கம் பொறிக்கப்பட்டுள்ளது செசியில்தான். அந்தப் பகுதியை வெட்டினாலோ அதன்மேல் தகடு ஒட்டினாலோ, பதிவுப் புத்தகத்திலுள்ள வண்டியும் நம் கையிலுள்ள வண்டியும் ஒன்றுதான் என்று நிரூபிக்க முடியாமற் போகும். செசியை மாற்றுவதும் வண்டியின் வகையை மாற்றுவதும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தெரிய வேண்டிய விடயங்கள். வேலை தொடங்குமுன் அங்கே விசாரித்து, எழுத்து மூலமான அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு போனால், "முன்பு எப்படி இருந்தது?" என்ற கேள்விக்குக் காட்ட எதுவும் இராது.

காப்புறுதிக் கம்பனிக்கும் மாற்றத்தை அறிவிக்க வேண்டும். விபத்து நேர்ந்த பின் அறிவிக்காத மாற்றம் வெளிப்பட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். லீசிங்கில் உள்ள வண்டியானால் உரிமையாளர் லீசிங் கம்பனியே. அவர்களின் சம்மதமின்றி செசியில் கைவைக்கக்கூடாது. வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து, இரும்பு வாங்கிய பற்றுச்சீட்டோடு ஒரு கோவையில் வையுங்கள். பின்னால் விற்கும்போது வாங்குபவருக்குக் காட்டலாம், விலையும் நின்று பேசும்.

வாங்குபவருக்கு ஏழு பார்வைகள்

1. வண்டியைத் தூக்கி அல்லது குழியில் நிறுத்தி, டோர்ச் அடித்துச் சட்டங்களை முன்னிருந்து பின்வரை பாருங்கள். புதிதாகத் தார் பூசிய இடம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

2. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். தின்னப்பட்ட இடம் மந்தமாகச் சத்தமிடும்.

3. ஸ்பிரிங் தாங்கிகளைச் சுற்றியும் ஸ்ரியறிங் பொக்ஸைச் சுற்றியும் துடைத்துப் பாருங்கள். பெயின்றில் துருக் கோடு தெரிந்தால் அடியில் வெடிப்பு இருக்கலாம்.

4. சட்டத்தின் மேலும் கீழும் குறுக்கே ஒட்டு இருக்கிறதா, துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

5. ஒட்டியிருக்கும் தகடுகளின் முனை சதுரமா, குறுகி முடிகிறதா என்று பாருங்கள். செய்தவரின் கைத்திறன் அதில் தெரியும்.

6. மட்டமான இடத்தில் நிறுத்தி, இரு பக்கமும் முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு உள்ள தூரத்தை அளந்து ஒப்பிடுங்கள். கதவுகள் சமமான இடைவெளியோடு மூடுகின்றனவா என்றும் பாருங்கள்.

7. செசி இலக்கத்தைக் கண்ணால் பார்த்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். சுற்றியுள்ள இரும்பு சுரண்டப்பட்டிருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள்.

இந்த ஏழுக்கும் அரைமணி நேரம் போதும். வண்டியின் சொந்தக்காரர் அந்த அரைமணி நேரத்தைத் தர மறுத்தால் அதுவே எட்டாவது தகவல்.

விற்பவருக்கும் ஒரு சொல்

செசியில் ஒட்டு இருப்பது குற்றமல்ல. முறையாகச் செய்த ஒட்டு பல வருடம் உழைக்கும். குற்றம் மறைப்பதில் இருக்கிறது. வேறு சரக்கில் குறை இருந்தால் வாங்கியவருக்குப் பணம் நட்டம், அவ்வளவுதான். செசியின் குறையை மறைத்து விற்றால், அந்த வண்டியில் ஏறப்போகும் முகம் தெரியாத பத்துப்பேரின் உயிரை நாம் விலை பேசுகிறோம். அவர்களில் யாரும் நம்மோடு பேரம் பேசவில்லை, வண்டியின் அடியைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பும் இல்லை. ஒட்டைக் காட்டி, செய்த கராஜைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பவரிடம் வாங்கியவர் அடுத்த வண்டிக்கும் வருவார், தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வருவார்.

அடுத்த தடவை ஜீப் ஒன்றுக்கு முற்பணம் கொடுக்கப் போகும்போது, பணத்தோடு ஒரு டோர்ச், ஒரு சிறு சுத்தியல், ஓர் அளவு நாடா ஆகியவற்றையும் கொண்டு போங்கள். இம்மூன்றின் விலை சில ஆயிரம் ரூபாதான், ஆனால் அவை காப்பது உங்கள் முழு முதலையும்.